வழியில் தொலைந்த இரண்டு வோல்ட்

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, தக்காளி மண்டிகள் முடிகிற இடத்தில் அர்ச்சுனனின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை இருக்கிறது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு கதவு, அதில் எப்போதும் ஒரு பச்சைத் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, அர்ச்சுனனின் மனைவி கோகிலவாணி பத்தொன்பது வருஷம் டைனமோவும் ஆல்டர்னேட்டரும் பிரித்து மாட்டினாள். ஊரில் அது யாருக்கும் தெரியாது. அர்ச்சுனன் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை.

அவளுக்கு மொரப்பூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா மரவள்ளி, அதாவது குச்சிக்கிழங்கு பயிர் செய்கிறவர். பன்னிரண்டாவது முடித்தவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைக்காததால், வீட்டில் சும்மா இருக்க வேண்டாமென்று ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்த்துவிட்டார். முப்பது பையன்களுக்கு நடுவில் இரண்டே பெண்கள். இன்னொருத்தி லூர்துமேரி, பாதியில் நின்றுவிட்டாள். கோகிலவாணி நிற்கவில்லை. மோட்டார் வைண்டிங்கில் அவள் கட்டிய சுருளைத்தான் வாத்தியார் அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டினார். ஓசூர் கம்பெனி ஒன்றிலிருந்து பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்த அதே மாதத்தில் அர்ச்சுனன் வீட்டிலிருந்தும் பெண் கேட்டு வந்தார்கள். "மாப்ளயும் கரண்டு வேலதான். இதைவிடப் பொருத்தம் எங்க கெடைக்கும்?" என்றார் அப்பா. கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் போனது.

அர்ச்சுனன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், நாலு பேரிடம் நயமாகப் பேசுவான். ஆனால் அவன் வேலை பழகியது லாரிப் பட்டறையில், கண் பார்த்துக் கை செய்கிற விதத்தில். பழைய டைனமோ வண்டிகள் வரைக்கும் அது போதுமாக இருந்தது. அதற்கப்புறம் வந்த வண்டிகள் அவனுக்குப் பிடிபடவில்லை. கல்யாணமான முதல் வருஷம் ஒரு தக்காளி வேனின் ஆல்டர்னேட்டரை மூன்று நாள் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தான். சோறு போட வந்தவள் எட்டிப் பார்த்து, "டயோடு ஒண்ணு போயிருக்குதுங்க" என்றாள். போயிருந்தது. அன்று ஆரம்பித்ததுதான். வண்டி வந்தால் அவன் கழற்றித் திரைக்கு உள்ளே கொடுப்பான், அவள் சரி செய்து வெளியே கொடுப்பாள். "மத்தியானமா வாங்க, முடிச்சு வெக்கறன்" என்று அவன் வாடிக்கையாளரிடம் சொல்லுவான்.

ஒரு முறை பாலக்கோட்டு வேன் ஓட்டுநர்கள் சங்கத்தில் அர்ச்சுனனுக்குச் சால்வை போட்டார்கள். யாராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறுகளைக் கண்டுபிடிக்கிறவன் என்று ஒருவர் மைக்கில் பேசினாராம். வீட்டுக்கு வந்ததும் சால்வையை அவளிடம் கொடுத்து, "மடிச்சு பீரோல வெய்யி" என்றான். அவள் மடித்து வைத்தாள். அன்றைக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. மறுநாள் சரியாகிவிட்டது. கடை ஓடியது, மகள் மதுமிதா படித்தாள், அதுபோதும் என்று இருந்தாள்.

2023 ஆவணியில்தான் மாதவராஜின் பியட் கார் வந்தது.

மாதவராஜ் தக்காளி மண்டிக்காரர். அவருடைய அப்பா எழுபத்தொன்றாம் வருஷம் வாங்கிய கார் அது. அந்தக் காலத்தில் மாரண்டஹள்ளியில் ஓடிய இரண்டு கார்களில் ஒன்று. வெகுகாலம் கொட்டகையில் கிடந்ததை எடுத்து, சேலத்தில் பெயின்ட் அடித்து, பெங்களூரில் சீட் தைத்து, தங்கை மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலக் காராக விடுவதென்று இருந்தார். சேலத்தில் சாயங்காலம் ஊர்வலம். காலையில் புறப்படலாமென்று சாவியைத் திருப்பினால் வண்டி முனகிவிட்டு நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து தள்ளி, எட்டு மணிக்கு அர்ச்சுனன் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

"ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு, ரெண்டு ஆல்டர்னேட்டர் மாத்தியாச்சு. புது பேட்டரி ரெண்டே நாள்ல செத்துப் போவுது. பதினோரு மணிக்கு வர்றன். வண்டி ரெடியா இருக்கணும், அர்ச்சுனா" என்று சொல்லிவிட்டு மாதவராஜ் தன் இன்னொரு காரில் ஏறிப் போனார். டிரைவர் முனியப்பனை மட்டும் வண்டியோடு விட்டுவிட்டுப் போனார். முனியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. பெரியவர் காலத்திலிருந்தே அந்தக் காரை ஓட்டியவர்.

அர்ச்சுனன் வழக்கம்போல ஆல்டர்னேட்டரைக் கழற்றி உள்ளே கொடுத்தான். என்ஜின் ஓடும்போது கரண்டு உண்டாக்கி பேட்டரிக்கு ஊட்டுகிறது அதுதான். கோகிலவாணி பிரித்துப் பார்த்தாள். கார்பன் தேயவில்லை, டயோடுகள் நல்லாயிருந்தன, சுருளில் குறையில்லை.

"இதுல ஒண்ணுமில்லங்க. வண்டியப் பாக்கணும்" என்றாள்.

"வண்டி ரோட்டுல நிக்குது. நீ எப்படிப் பார்ப்ப?"

"சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுத்து வுடுங்க."

வீட்டுக்குப் பக்கவாட்டில் துணி துவைக்கிற சந்து ஒன்று உண்டு. அர்ச்சுனன் கொஞ்சம் யோசித்தான். முனியப்பனிடம், "அண்ணா, நீங்க போயி டீ குடிச்சுட்டு பொறுமையா வாங்க" என்றான். ஆல்டர்னேட்டரைத் திரும்ப மாட்டி, காரைச் சந்துக்குள் தள்ளிவிட்டு, அவன் கடை வாசலில் காவல் மாதிரி நின்றுகொண்டான். கோகிலவாணி வோல்ட் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்து பானெட்டைத் திறந்தாள்.

முனியப்பன் சீக்கிரமே திரும்பிவிட்டார். கொல்லைப்புறமாகச் சந்துக்குள் நுழைந்தவர், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என்ஜினுக்குள் குனிந்திருந்தவளைப் பார்த்துக்கொண்டே கிட்டே வந்தார். பிறகு, "நீதானா கண்ணு அது, இத்தன வருசமா?" என்றார்.

அவள் ஸ்டியரிங் பக்கம் கை காட்டினாள். "அண்ணா, உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்சிலேட்டர கொஞ்சம் அமுக்கிப் புடிங்க. லைட்டு போடுங்க" என்றாள். கடையிலிருந்த நல்ல பேட்டரியை ஒயர் போட்டு இணைத்திருந்ததால் வண்டி உடனே பிடித்துக்கொண்டது. பிடித்ததும் அதைக் கழற்றிவிட்டாள்.

பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டு புள்ளி ஆறு. பேட்டரிக்கு ஏற வேண்டுமானால் குறைந்தது பதினாலு இருக்க வேண்டும். அடுத்து ஆல்டர்னேட்டரின் முதுகில், கரண்டு வெளியே வருகிற தடித்த போல்ட்டில் வைத்தாள். பதினாலரை.

"ஆல்டர்னேட்டர் ஒழுங்காத்தான் குடுக்குது. பேட்டரிக்குப் போயிச் சேரல. ரெண்டு வோல்ட்டு வழில எங்கியோ தொலையுது" என்றாள்.

முனியப்பன் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார். முன்னே வேலை பார்த்தவர்கள் யாரும் இப்படி இரண்டு இடத்தில் மீட்டர் வைத்து அவர் பார்த்ததில்லை. பேட்டரியில் வைப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், ஆல்டர்னேட்டரை மாற்றுவார்கள். அவள் இப்போது மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரிலும் இன்னொரு முனையை பேட்டரியிலும் வைத்து, நடுவில் எவ்வளவு போகிறது என்று பார்த்தாள். ஒன்று புள்ளி ஆறு. என்ஜினுக்கும் பாடிக்கும் போகிற எர்த் பட்டையில் புள்ளி மூன்று. அந்தப் பட்டை பச்சை பூத்துக் கிடந்தது. பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே துண்டு துண்டாக அளந்து போனாள். ஒயர் காரின் உள்ளே நுழைந்து, டாஷ்போர்டுக்கு அடியில் யாரோ பின்னாளில் வைத்த, எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று காட்டுகிற ஒரு ஆம்பியர் மீட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி பேட்டரிக்கு வந்தது. கீழே படுத்து அந்த ஆம்பியர் மீட்டரின் பின்பக்க இரண்டு நட்டுகளிலும் முனைகளை வைத்தாள். ஒன்று புள்ளி இரண்டு அங்கேயே போய்க்கொண்டிருந்தது. நட்டைத் தொட்டாள். விரல் நுனி சுருக்கென்று சுட்டுவிட்டது.

"இந்தா இருக்குது" என்றாள், விரலை வாயில் வைத்துக்கொண்டு.

"என்ன கண்ணு அது?"

"மொதல்ல இதுல டைனமோதான இருந்துச்சு? அது குடுக்கற கரண்டு கம்மி, அதுக்கேத்த ஒயரு. பொறவு எவனோ ஆல்டர்னேட்டர் வெச்சான். அது ரெண்டு மடங்கு குடுக்கும். ஒயரையும் மீட்டரையும் மாத்தாம வுட்டுட்டான். இந்த நட்டு கருகிப் போயிக் கெடக்குது. தொலையற வோல்ட்டு எங்கியும் போவலண்ணா, இந்த எடத்துல சூடாத்தான் நிக்குது."

முனியப்பன் என்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்து அந்த நட்டைப் பார்த்தார். "மூணு பேரு பார்த்தானுங்க. ஒருத்தன் சொல்லல" என்றார். அந்த வார்த்தை அவளுக்கு எவ்வளவு இனித்தது என்பதைப் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது அவளுக்கே அவமானமாக இருக்கும்.

அர்ச்சுனனிடம் சொன்னாள். தடித்த கேபிள் ஒன்றை ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக பேட்டரிக்கு இழுக்க வேண்டும், ஆம்பியர் மீட்டரைத் தூக்கிவிட வேண்டும், எர்த் பட்டை புதுசு போட வேண்டும். கேபிள் மாரண்டஹள்ளியில் கிடைக்காது, தர்மபுரி போய்வர வேண்டும். சாயங்காலம் நாலு மணியாகும்.

பதினோரு மணிக்கு மாதவராஜ் பட்டு வேட்டியில் வந்துவிட்டார். அர்ச்சுனன் சொன்னதைப் பாதியிலேயே வெட்டினார்.

"நாலு மணிக்கு வண்டி சேலத்துல பூ கட்டிக்கினு நிக்கணும்யா. இன்னிக்கு ஒரு நாள் ஓடுனா போதும். கேபிளோ கயிறோ, வந்தப்பறம் மாத்திக்க. உன்னால முடியும்னு ஊரே சொல்லுது. முடியாதா?"

முடியாதா என்ற அந்தக் கேள்விதான் அர்ச்சுனனைத் தொட்டது. அவன் ரெகுலேட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினான். ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிற பெட்டி அது. உள்ளே ஒரு சின்னத் திருகாணி. அதை ஸ்க்ரூ டிரைவரால் திருகினான். பேட்டரியில் மீட்டர் பதிமூன்றைத் தாண்டி ஏறியது. இன்னும் திருகினான். பதினாலு.

"பாருங்க. பதினாலு வந்துடுச்சு" என்று மாதவராஜிடம் மீட்டரைக் காட்டினான். மாதவராஜ் அவன் தோளில் தட்டினார்.

கோகிலவாணி சந்தின் முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரியில் பதினாலு என்றால் ஆல்டர்னேட்டரில் பதினாறுக்கு மேலே. கூடுகிற அத்தனையும் அந்தக் கருகிய நட்டு வழியாகத்தான் போக வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் கடைக்கு வந்த ஆள் முன்னால் போய் நின்று பேசினாள்.

"வேணாங்க. இப்படிப் போனா டாஷ்போர்டு மீட்டருக்குப் பின்னாடி பத்திக்கும். போயே ஆவணும்னா ஆல்டர்னேட்டர் ஒயர கழட்டி வுட்டுடலாங்க. எங்க கடைல ஃபுல் சார்ஜ்ல ஒரு பேட்டரி இருக்குது. பகல்ல லைட்டு போடாம போனா அது ஒண்ணே சேலத்துக்குத் தாங்கும்."

மாதவராஜ் அவளைப் பார்க்கவில்லை. அர்ச்சுனனைத்தான் பார்த்தார். "அப்ப ஊர்வலத்துல லைட்டு எரிய வேணாமா? பாட்டு வேணாமா? யாருய்யா இது, உன் சம்சாரமா?"

"ஆமாங்க. அவளுக்கு என்ன தெரியும். கோகிலா, நீ உள்ள போ."

போனாள். போகும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முனியப்பனிடம் மட்டும், "அண்ணா, லைட்டு, ஃபேனு எதையும் சேத்துப் போடாதீங்க. கருகுற வாசன வந்தா வண்டிய ஓரங்கட்டி எறங்கிடுங்க" என்றாள்.

"செரி கண்ணு" என்றார் முனியப்பன். மாதவராஜ் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

மாதவராஜ் முன்னால் போய்விட்டார். பியட்டில் முனியப்பன் மட்டும். தர்மபுரி வரைக்கும் ஒன்றும் இல்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் ஒரு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்து, லாரிகள் எல்லாம் விளக்குப் போட்டு இறங்கின. வைப்பர் போடாமல் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, லைட்டுப் போடாமல் இருந்தால் பின்னால் வருகிறவனுக்கு வண்டி தெரியாது. முனியப்பன் இரண்டையும் போட்டார். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. அவர் குனிந்து ஒயரைப் பிடுங்கப் பார்த்தார். கை வெந்தது. என்ஜின் அணைந்து, வண்டி ரோட்டின் நடுவிலேயே நின்றுவிட்டது. கதவைத் திறந்து வலது காலை வெளியே வைத்த நேரத்தில், பின்னால் இறங்கிவந்த லாரி கதவோடு சேர்த்து அந்தக் காலை அரைத்துவிட்டுப் போனது.

உயிர் பிழைத்தார். கால் முட்டிக்கு மேலே போய்விட்டது.

மூன்றாம் நாள் மாதவராஜும் அவர் ஆட்கள் நாலைந்து பேரும் கடைக்கு வந்தார்கள். ரோட்டில் போனவர்களும் நின்றார்கள். வந்தவர்களில் மாதவராஜின் மைத்துனர்தான் பேசினார்.

"யாருய்யா இந்த வண்டில கை வெச்சது? என்ன பண்ணி அனுப்புன?"

கோகிலவாணி திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அர்ச்சுனன் முகம் வெளுத்துப்போயிருக்கும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. திருகாணியைத் திருகியது நான்தான் என்று சொல்லுவான், தெரியாமல் செய்துவிட்டேன் என்று காலில் விழுவான், நாமும் கூடப்போய் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு திரையை விலக்கக் கை வைத்தாள்.

"நான் இல்லீங்க" என்றது அர்ச்சுனனின் குரல். "எங்க வூட்டுலதான் பார்த்தா. ஐ.டி.ஐ. படிச்சவ. கடைல இந்த ஆல்டர்னேட்டர் வேல எல்லாம் அவதான் பாக்கறது. மீட்டர் வெச்சு ஒயரெல்லாம் நோண்டுனது அவதான். வேணும்னா முனியப்பண்ணனக் கேளுங்க."

பத்தொன்பது வருஷத்தில் அவள் வேலையை அவன் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

திரையைப் பிடித்த கை அப்படியே நின்றது. வெளியே மைத்துனர், "பொம்பள கைல வண்டியக் குடுத்துட்டு நீ என்னய்யா ஆம்பள?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து மாதவராஜைப் பார்த்தே கேட்டாள்.

"நான் வேணாம்னு சொன்னனா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

மாதவராஜ் கைக்கடிகாரத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டார். "யாரு என்ன சொன்னாங்கன்னு எனக்கு நெனப்பில்ல. கல்யாண அவசரம். பொம்பளைங்கள வெச்சு வேல பாக்கற கடைன்னு தெரியாம வந்தது என் தப்பு" என்றார். அவ்வளவோடு போய்விட்டார்கள்.

போலீசில் கேஸ் லாரிக்காரன் மேல் எழுதினார்கள். ஊரில் கேஸ் அவள் மேல் எழுதினார்கள். மண்டியில், மளிகைக் கடையில், தண்ணீர்க் குழாயில், முனியப்பன் காலை வாங்கியவள் என்று அவளுக்குப் பெயர் வந்தது.

அர்ச்சுனன் அன்று ராத்திரியே மன்னிப்புக் கேட்டான். "பயத்துல சொல்லிட்டன். என் பேரு கெட்டா கடை போயிடும். நாலு நாள்ல ஊரு மறந்துடும், கோகிலா." அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது வலித்ததுதான். ஆனால் மறுநாள் காலேஜ் விடுதியிலிருந்து வந்த மகள் சொன்னதுதான் அதைவிட உள்ளே இறங்கியது. மதுமிதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலையைப் பின்னிக்கொண்டே சாவதானமாகச் சொன்னாள்.

"வுடும்மா. அப்பா பேரு கெட்டா நம்ம மூணு பேருக்கும் சோறு இல்ல. உன் பேரு கெட்டா என்ன ஆவப் போவுது? உனக்குத்தான் இதுவரைக்கும் பேரே இல்லியே."

பிள்ளை கொடுமையாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து, சரியாக வந்த விடையைச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தொப்பூர் போனாள். கார் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் புளியமரத்தடியில் நின்றது. கதவு இருந்த பக்கத்தைப் பார்க்காமல் மறுபக்கமாகப் போய்க் குனிந்தாள். டாஷ்போர்டுக்கு அடியில் ஆம்பியர் மீட்டர் இருந்த இடத்தில் கரிக்கட்டி. ரெகுலேட்டர் பெட்டி நன்றாகவே இருந்தது. மூடியைத் திறந்தால், துருப்பிடித்த தகட்டுக்கு நடுவில் அர்ச்சுனன் திருகிய திருகாணி மட்டும் பளபளவென்று மின்னியது. இரண்டையும் போனில் படமெடுத்தாள். காவலுக்கு நின்ற ஏட்டு, "இன்சூரன்ஸாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றாள்.

படத்தை எடுத்துக்கொண்டு நேராக முனியப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகக் கிடந்தது. அவர் மனைவி தங்கம்மாள் முக்காலி எடுத்துப் போட்டாள்.

"அண்ணா, நான் என்ன சொன்னன்னு உங்களுக்குத் தெரியும். ஒருத்தருகிட்டயாச்சும் சொல்லுங்க. கேஸுக்கெல்லாம் வேணாம். ஊருல ஒருத்தரு சொன்னா போதும்."

முனியப்பன் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தடவினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் டீ குடிக்கப் போயிருந்தன்" என்றார்.

கண்ணு என்று கூப்பிட்டவர் அம்மா என்று கூப்பிட்டார். அவள் படத்தைக் காட்டப் போனை எடுக்கவே இல்லை. எழுந்து வந்துவிட்டாள். ரோட்டு முனையில் தங்கம்மாள் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அவுருக்கு எல்லாம் தெரியும். என்கிட்ட அழுவறாரு. ஆனா எங்க பையனுக்கு மாதவராஜு மண்டில வேல போட்டுக் குடுத்திருக்காரு. நாங்க வாயத் தொறந்தா அது போயிடும். காலும் போயி சோறும் போவணுமா? உன்னக் கும்புடறன் கோகிலா, வுட்டுடு."

தங்கம்மாள் மேல் கோபப்பட முடியவில்லை. அதுதான் கோகிலவாணிக்கு எரிச்சலாக இருந்தது. இந்த விஷயத்தில் யார் மேல் கோபப்படப் போனாலும் அவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. நியாயம் இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

அர்ச்சுனன் கடைக்கு வருகிறவர்களிடம், "இப்பல்லாம் அவள கை வெக்க வுடறதில்லைங்க" என்று சொல்ல ஆரம்பித்தான். வண்டிகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. வைண்டிங் வேலையைத் தர்மபுரிக்கு அனுப்பினான். இரண்டு மாதம் பொறுத்துவிட்டு, ஒரு நாள் மத்தியானம் ஒரு டிராக்டர் ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்து திரைக்கு உள்ளே அவள் முன்னால் வைத்தான்.

"யாருக்கும் தெரியாம முன்ன மாதிரி பார்த்துக் குடுத்துடு" என்றான்.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கடை மேசையில் திரும்ப வைத்துவிட்டு வந்தாள். மறு வாரம் ஓசூரில் வண்டிகளுக்கு ஒயரிங் கட்டுகிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். விடியும்போது கம்பெனி பஸ் வரும். நூற்றைம்பது பெண்கள் வரிசையாக நின்று, ஒரே நீளத்தில் வெட்டிய ஒயர்களுக்கு முனை பொருத்திப் பலகையில் கட்டுவார்கள். நாற்பத்தொரு வயதில் அவள்தான் அந்த வரிசையில் மூத்தவள். மற்றவர்கள் மதுமிதா வயசுப் பிள்ளைகள். முதல் நாள், மீசை சரியாக முளைக்காத சூப்பர்வைசர் ஒருவன் வெள்ளைப் பலகையில் பேட்டரி படம் போட்டு, "அக்கா, வோல்ட்டேஜ்னா என்னன்னா, தொட்டில தண்ணி இருக்குது இல்ல, அந்த மாதிரி" என்று சொல்லிக்கொடுத்தான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். படித்ததைச் சொன்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும். முன்னே எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

போன தை மாதம், கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அர்ச்சுனன் போன் செய்தான். குரலை அடக்கிக்கொண்டு பேசினான்.

"ஒரு ஸ்கூல் வேன் வந்திருக்குது. பல்பு போட்டா ஒடனே போவுது. மீட்டர் வெச்சா பதினாறுக்கு மேல காட்டுது. ரெகுலேட்டர் புதுசு போட்டும் அப்படியே இருக்குது. என்னவா இருக்கும்?"

கேட்டவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது: பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று ரெகுலேட்டருக்குச் சொல்லுகிற ஒயரில்தான் கோளாறு. ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

"பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று கேட்டாள்.

"ஸ்கூல் மேனேஜரு."

"போன ஸ்பீக்கர்ல போடுங்க. நான் யாருன்னு அவுருகிட்ட சொல்லுங்க. அப்பறம் நான் சொல்றன்."

அந்தப் பக்கம் தக்காளி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"டவர் கெடைக்கல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

சாயங்காலம் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போது மஞ்சள் வேன் பானெட் திறந்தபடி கடை வாசலில் நின்றது. அர்ச்சுனன் மேசையில் ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான், நிமிரவில்லை. அவள் வேனை ஒட்டித்தான் நடந்து போக வேண்டியிருந்தது. ஆல்டர்னேட்டரின் முதுகும் அதில் செருகியிருந்த ஒயர்களும் கை எட்டுகிற தூரத்தில் இருந்தன. ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் உள்ளே போய் உலை வைத்தாள்.

வேன் மூன்று நாள் அங்கேயே நின்றது. நாலாம் நாள் கயிறு கட்டித் தர்மபுரிக்கு இழுத்துப் போனார்கள்.